தாமதமாகப் போட்ட ஊசி

மூளை நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இருந்தேன் என்று சொன்னால் போதும், கேட்பவர் முகத்தில் ஒரு பரிவு வந்துவிடும். "வீட்டுல யாருக்காவது இருக்கா?" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. யாருக்கும் இல்லை. அப்பா எழுபது வயதிலும் பொம்மனஹள்ளி மார்க்கெட்டில் நின்று கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவார், கை நடுங்காது. அம்மாவுக்கு நான் பத்தாம் வகுப்பில் சொன்ன பொய்கூட இன்னும் மறக்கவில்லை. எம்.எஸ்ஸி. முடித்து வேறு வேலை கிடைக்காததால் அந்த ஆய்வகத்துக்குப் போனேன். அங்கேயே ஒட்டிக்கொண்டது கோபத்தால். இது அந்தக் கோபத்தின் கதை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பெங்களூர் ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்து, நின்றுகொண்டே பயணம் செய்து, காலை எட்டரைக்கு ஆய்வகத்துக்குள் நுழைவேன். நடுக்குவாத நோய்தான் எங்கள் பொருள். மூளையின் அடியில், கைகால் அசைவைச் சீராக வைத்திருக்கும் நரம்பணுக்கள் ஒரு சின்னக் கூட்டமாக இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகச் செத்துப்போவதால் வருவது இந்த நோய். ஏன் சாகின்றன என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் சாகப்போகும் அணுவுக்குள் ஒரு நொதி விழித்துக்கொள்வதைப் பார்த்திருந்தோம். அது விழித்துவிட்டால் அணு தன்னைத் தானே உடைத்துக்கொள்ளத் தொடங்கும். அந்த நொதியை அமுக்கி வைத்தால் அணு பிழைக்குமா? பிழைத்தால் அந்த நொதி ஓர் இலக்கு. அதற்கு மருந்து செய்வது வேறு யாரோ, எப்போதோ செய்யும் வேலை. எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது.

எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, தலையை ஓர் இரும்புச் சட்டத்தில் அசையாமல் பொருத்தி, மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் துளி விஷம் செலுத்துவோம். அந்தப் பக்கத்து அணுக்கள் சில வாரங்களில் மெல்ல மெல்லச் சாகும். பாதி எலிகளுக்கு அன்று மாலையிலிருந்தே நொதியை அமுக்கும் மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். கடைசியில் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து உயிரோடிருந்த அணுக்களை ஒன்று இரண்டு என்று எண்ணுவோம். உயிருள்ளது பழுப்பாகத் தெரியும். மருந்து போட்ட எலிகளில் பழுப்பு நிறையத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையோடுதான் ஆண்டுக் கூட்டத்தில் பேசப் போனேன். ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று வருடத்துக்கொரு முறை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளிலிருந்து நரம்பியல் டாக்டர்களும் வருவார்கள். அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ப்ரொஜெக்டரில் ஒவ்வொரு தாளாக வைத்துப் பேசி முடித்தேன். மூன்றாவது வரிசையில் நரைத்த தலையோடு ஒரு டாக்டர் எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டது இதுதான்: உங்கள் எலிக்கு நோய் வரும் அன்றைக்கே மருந்து கிடைத்துவிடுகிறது. என் நோயாளி கை நடுங்க ஆரம்பித்ததும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு மறைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து என்னிடம் வருகிறார். அதற்குள் அவர் மூளையில் அந்த அணுக்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. உங்கள் இலக்கை வைத்துக்கொண்டு அவருக்கு நான் என்ன செய்யட்டும்?

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. என் பிஎச்.டி. வழிகாட்டி முன்வரிசையில் குனிந்து, தன் நோட்டில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். "நன்றி சார், நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பதில் இல்லாததால் கேள்வியே தப்பு என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த பல மாதங்கள் அந்த டாக்டரை மனதுக்குள் திட்டிக்கொண்டே எலிகளுக்கு ஊசி போட்டேன்.

வழிகாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், அப்பா மாநில அரசில் பெரிய அதிகாரியாக இருந்தவர். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் வளைத்து ஆங்கிலத்தில் முடிப்பார். கெட்டிக்காரர், நேர்மையானவர், முன்கோபி. நானும் முன்கோபி. அதனால் எங்கள் இருவருக்கும் நடுவில் சமாதானத் தூதர் ஒருவர் தேவைப்பட்டார். எலிகளைப் பராமரிக்கும் அட்டெண்டர்தான் அவர். தினமும் ஆனேக்கலிலிருந்து பஸ்ஸில் வருவார். கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். எலிகளோடு எந்த மொழியில் பேசினார் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஆய்வகத்தில் ஆயுத பூஜையா என்று சிரிக்கக் கூடாது. பெங்களூரில் ஆயுத பூஜை நடக்காத இடம் எது? பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் மிஷினுக்கு மாலை போடுகிறார்கள் என்றால், எங்கள் ஆய்வகத்தில் எலித்தலை பிடிக்கும் சட்டத்துக்கும் மாலை உண்டு. விடுமுறைக்கு முதல் நாள் மதியமே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம்.

அந்த வருடம் அதே நாளில்தான் நான் பத்து எலிகளுக்கு ஆபரேஷன் வைத்திருந்தேன். தேதி பார்த்து வைத்திருக்கலாம். பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தேன். கருவிகளை அட்டெண்டரிடம் கொடுத்துவிட்டு, மாலை ஐந்துக்கு முதல் ஊசி போடலாம் என்று கீழே பெரிய பூஜைக்குப் போனேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் கருவி அறை பூட்டியிருந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே மேசைமேல் சாமி படம். படத்துக்கு முன்னால் இரும்புச் சட்டம், கத்தரிக்கோல்கள், ஊசிப் பெட்டி. மருந்துத் தூள் இருந்த பழுப்புப் பாட்டிலுக்கும் நெற்றியில் பொட்டு. அட்டெண்டர் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு பளிச்சென்று வாசலில் நின்றார்.

"பூஜெ ஆயித்து மேடம்," என்றார் சந்தோஷமாக. "இனி நாடித்து காலைல புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்." நாடித்து என்றால் நாளை மறுநாள்.

"எலிக்கு ஊசி போடணுமே."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது, முகம் வாடிப்போனது. பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க ஓதினவங்க மேடம். வேணும்னா நீங்க தெறங்க. நான் தெறக்க மாட்டேன்."

திறந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. நான் அறிவியல் படித்தவள், கோவிலுக்குப் போனால் செருப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவள். ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே தவிர, கை பூட்டுப் பக்கம் போகவில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். பரீட்சைக்கு முதல் நாள் வந்தபோதுகூடத் தொட்டதில்லை, உள்ளுக்குள் குஷியாகவே. அந்தப் பழக்கம் இவ்வளவு ஆழமாகப் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் ஆய்வகத்துப் பக்கமே போகவில்லை. அதற்கு அடுத்த நாள், விஜயதசமி காலையில் அவர் கற்பூரம் காட்டி அறையைத் திறந்தார். குங்குமம் பட்ட ஊசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்து முதல் ஊசியைப் போட்டேன். இரண்டு இரவும் ஒரு பகலும் தாமதமாகிவிட்டது. புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள் என்று அட்டெண்டர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஊசி போட்ட ஒவ்வொரு தடவையும் நோட்டில் டிக் போட வேண்டும். முந்திய இரண்டு நாள் கட்டங்கள் காலியாக இருந்தன. இரண்டு டிக் போட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்துக் கட்டத்துக்கு மேலேயும் வைத்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு "கொடுக்கவில்லை. அறை பூஜைக்காகப் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது" என்று எழுதினேன்.

வழிகாட்டி அதைப் படித்ததும் அறைக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் வெளியே இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

"சாவி கையில இருந்துதா? இருந்தும் தெறக்கலையா? ஏம்மா, நீ ரிசர்ச் பண்ண வந்தியா, பஜனை பண்ண வந்தியா?"

அவர் மேசைமேல் கம்ப்யூட்டர் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அந்த பத்து எலியையும் தூக்கிப் போட்டுடு. கணக்குலயே சேர்க்காதே. மார்ச்சோட ப்ராஜெக்ட் முடியுது, ஞாபகம் இருக்கா? கையில ஒண்ணும் இல்லேன்னா நீட்டிக்க மாட்டாங்க. உன் பிஎச்.டி.யும் அதோட போச்சு."

எனக்கு அழுகை முட்டியது. அழக் கூடாது என்று சுவரைப் பார்த்தேன். அப்போது, எங்கிருந்து வந்ததோ, மூன்றாவது வரிசை டாக்டரின் கேள்வி முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை மாதங்களாகத் திட்டிக்கொண்டிருந்த அதே கேள்வி.

"சார், இந்த எலிங்களுக்கு மருந்து லேட்டாக் கிடைச்சிருக்கு," என்றேன்.

"அதைத்தானே நானும் கத்திக்கிட்டிருக்கேன்."

"இல்ல சார். நோய் ஆரம்பிச்சப்புறம் கிடைச்சிருக்கு. அந்த டாக்டர் கேட்டது இதைத்தானே?"

அவர் என் நோட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தார். உடனே சமாளித்துக்கொண்டார். "ரெண்டு நாளும் ரெண்டு வருஷமும் ஒண்ணாம்மா? சும்னே இரு, பேசாதே."

"ஒண்ணு இல்ல சார். ஆனா பாக்காமலே தூக்கிப் போட்டா, ரெண்டு நாளுக்குக்கூட நம்மகிட்ட பதில் இல்ல."

"சரி, பாப்போம். ஆனா நீ எண்ணக் கூடாது. உன் தப்பை மூடி மறைக்க உன் கண்ணு பழுப்பைத் தேடும்."

அது சுட்டது. சுட்டதால்தான் அடுத்த வார்த்தை வந்தது. "அப்ப நீங்களே எண்ணுங்க சார்."

அவர் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முடியாது என்று சொல்ல அவருடைய முன்கோபம் இடம் கொடுக்கவில்லை.

மருந்து நாட்கள் முடிந்தன, வாரங்கள் ஓடின. விஷம் வேலை செய்த எலி ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். கூண்டுகளில் சில எலிகள் அவ்வளவாகச் சுற்றவில்லை என்று அட்டெண்டர் வந்து சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். நம்பிக்கை வைத்துவிட்டு ஏமாறுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. மூளைச் சீவல்கள் கண்ணாடித் துண்டுகளில் ஏறியதும், எந்தச் சீவல் எந்த எலியுடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியாதபடி அட்டெண்டர் அவற்றின்மேல் தாள் ஒட்டி, அதில் புது எண் போட்டார். எது எதுவென்ற பட்டியலை ஓர் உறையில் வைத்து ஒட்டி, எலிக்கூண்டுகள் இருக்கும் அனிமல் ஹவுஸில் இருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அங்கிருந்து யாரும் எடுக்க மாட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வழிகாட்டி எண்ண ஆரம்பித்தார். முதல் நாள் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டு, மைக்ரோஸ்கோப் ரிப்பேர் என்றார். இரண்டாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அமுக்குகிற டிக் டிக் சத்தம் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. யாராவது காபி கொண்டுபோனால் கையை உயர்த்தி நிறுத்துவார், எண்ணிக்கை தப்பிவிடும் என்று. அவர் முடித்த ஸ்லைடுகளை நான் தனியாக எண்ணி, தனித்தாளில் எழுதினேன். என் எண்ணிக்கை கணக்கில் சேராது, ஆனாலும் எண்ணினேன்.

எல்லாம் முடிந்த அன்று காலை பதினோரு மணி இருக்கும். அட்டெண்டர் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வழிகாட்டி கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் உப்புநீர் என்று எழுதினார். அட்டெண்டர் பட்டியலைப் படிக்கப் படிக்க, அவர் தன் எண்ணிக்கைகளை அந்தந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் எண் உப்புநீர்ப் பக்கம், சின்னது. அடுத்தது மருந்துப் பக்கம், பெரியது. அடுத்ததும் மருந்து, பெரியது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது எண் எழுதும்போது அவர் கை நின்றுவிட்டது. பலகையை விட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தார். திரும்பப் போய் மீதி நாலையும் எழுதினார். மருந்துப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மட்டும் குறைவு. மற்ற நாலும் நிமிர்ந்து நின்றன.

"லேட்டாக் கொடுத்தும் நிக்குதேம்மா," என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். பிறகு என் தாளைக் கேட்டு வாங்கி, தன் எண்ணிக்கையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. "உன் கண்ணைப் பத்தி நான் சொன்னது தப்பு," என்றார்.

அப்போது அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டெண்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாஸா மேடம்?" என்று கேட்டார். பாஸ் என்று சொன்னேன். அவர் நேராக அனிமல் ஹவுஸுக்குப் போனார், எலிகளிடம் சொல்லத்தான் போயிருப்பார்.

பத்து எலியை வைத்துக்கொண்டு யாரும் நம்ப மாட்டார்கள். நாங்களே நம்பவில்லை. ப்ராஜெக்ட்டை நீட்டிக்கச் சொல்லி வழிகாட்டி எழுதிய கடிதத்தில் அந்தக் கரும்பலகை எண்களையே வைத்தார், நீட்டித்தார்கள். இந்த முறை வேண்டுமென்றே ஒரு வாரம் தாமதித்தோம். நிறைய எலிகள். இலக்கைப் பற்றியே தெரியாத வேறொரு கல்லூரி ஆட்களை வைத்து எண்ணவைத்தோம். ஒரு வாரம் தாமதித்தால் காப்பாற்ற முடிந்த அணுக்கள் குறைந்தன, ஆனால் காப்பாற்ற முடிந்தது. ஏற்கெனவே செத்ததைத் திருப்ப முடியவில்லை. இன்னும் சாகாமல் வரிசையில் நின்றதைப் பிடித்து நிறுத்த முடிந்தது. அந்த நொதி நோயின் முதல் நாளில் மட்டும் வேலை செய்துவிட்டு ஒதுங்கிவிடுவதில்லை, நோய் நடக்கும் நாளெல்லாம் வேலை செய்கிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் அது நிஜமான இலக்கு.

கட்டுரை எழுதும்போது இன்னொரு சண்டை போட்டோம். அந்தப் பத்து எலிகளுக்கு மருந்து தாமதமானது "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று அவர் எழுதினார். தவிர்த்திருக்கலாம் சார் என்றேன். ஒரு வாரம் பேசாமலிருந்து, கடைசியில் "பண்டிகையை முன்னிட்டு" என்று ஒத்துக்கொண்டார். நன்றி சொல்லும் வரியில் அட்டெண்டரின் பெயரையும் போட்டோம். அவர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து ஆனேக்கல் வீட்டில் மாட்டிவைத்தார்.

கட்டுரை வெளியான வருடத்து ஆண்டுக் கூட்டத்தில் மறுபடி பேசினேன். இந்த முறை சாதாரணப் பருத்திப் புடவை. தாமதத்தை மட்டுமே பேசினேன். இரண்டு நாள், ஏழு நாள், ஒவ்வொன்றிலும் பிழைத்தது எவ்வளவு, பிழைக்காதது எவ்வளவு என்று ஒன்றையும் மறைக்காமல் வைத்தேன். முடித்ததும் கைதட்டல் வந்தது, எனக்குக் காது அடைக்கும் அளவுக்கு. முதல் கேள்வியாக, தாமதமாகக் கொடுத்துப் பார்க்கும் யோசனை யாருக்குத் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். வழிகாட்டி முன்வரிசையிலிருந்து எழுந்து, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "எனக்குத் தோணலை. தூக்கிப் போடச் சொன்னவன் நான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த ஆளை அன்றைக்குப் போல என்றைக்கும் பிடித்ததில்லை.

டீ இடைவேளையில் அந்த நரம்பியல் டாக்டர் என்னைத் தேடி வந்தார். கன்னட வாடை அடிக்கும் தமிழில் பேசினார்.

"மனுஷங்களுக்கு எப்போம்மா?"

"தெரியாது சார். நம்ம மருந்து எலிக்குத்தான் சரி, மனுஷனுக்குக் கொடுத்தா ஈரல் தாங்காது. வேற யாராவது நல்ல மருந்து கண்டுபிடிக்கணும். எங்க கை வைக்கணும்னு மட்டும் இப்ப தெரியும்."

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். "மத்தியானம் எனக்கு ஓ.பி. இருக்கு. வாசல்ல நாப்பது பேர் உக்காந்திருப்பாங்க. எல்லாருமே லேட்டா வந்தவங்க. ஏன் லேட்டா வந்தீங்கன்னு நான் தினம் அவங்களைத் திட்டறேன். இன்னிக்குப் போய் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நானும் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

"லேட்டா வந்தவங்களுக்காகத்தான் தேடறாங்கன்னு சொல்லுங்க சார்."

அவர் தலையசைத்தார். டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.